கூடத்தின் முறை

மழை கொட்டும் நாளில் ஊர் மூழ்காமலிருக்க, முறை வந்த வீடு தன் கூடத்தைத் திறந்துவிட வேண்டும். சுவரிலுள்ள மதகு வழியாகத் தெருத்தண்ணீர் உள்ளே வரும். இரண்டு நாள் தங்கி, தரைவழியே மெல்ல மண்ணுக்குள் இறங்கும்.

பூங்கோதை வீட்டின் முறை, மகளைப் பெண்பார்க்க வரும் நாளில் வந்தது.

"நாளைக்கு மார்கழி பொறக்குது. இன்னைக்கு விட்டா தை வரைக்கும் காத்திருக்கணும்," என்று கணவரிடம் சொல்லிவிட்டு, மதகைப் பழைய மெத்தையால் அடைத்தாள். கூடம் காய்ந்து பளபளத்தது. கேசரி ஆறியது. யாரும் வரவில்லை.

பள்ளத்துத் தெருவிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

"கோச்சுக்காதீங்க. முறையே இல்லாம எங்க கூடத்துல இடுப்பளவு தண்ணி. மேட்டுல எந்த மகராசியோ மதகை அடைச்சிட்டாளாம். அந்த மாதிரி வீட்ல யாருங்க பொண்ணு எடுப்பாங்க?"

"யாரும் எடுக்க மாட்டாங்க," என்று ஒப்புக்கொண்டாள் பூங்கோதை. பிறகு போய் மெத்தையை உருவினாள்.