பின் கதவு மட்டும்

“கையில என்ன தம்பி, விரல் மொளியெல்லாம் இப்பிடி வீங்கிக் கிடக்கு?”

“பைக்கால விழுந்திட்டன் அன்ரி,” என்றான் மிதுனன். “இனித் தூரத்துக்கு ஓட்டிக்கொண்டு போற வேலை வேண்டாம், ட்ரெயிலரில ஏத்திக்கொண்டு போவம் எண்டுதான் வந்தனான்.”

சந்திரவதனா பாவம் பார்த்து ஐஸ் கட்டி எடுத்துக் கொடுத்தாள். அஜக்ஸில் ட்ரெயிலர் விற்கும் அந்த யார்ட் அவளுடையதும் கணவனுடையதும். கணவன் ஆசுப்பத்திரிக்குப் போயிருந்ததால் அன்று காலை அவள் தனியாகத்தான் நின்றாள். மேசையில் பச்சைக் கம்பளி நூலும் பின்னல் ஊசியும் கிடந்தன. பேரப்பிள்ளைக்குக் காலுறை பின்னுகிறாளாக்கும் என்று மிதுனன் நினைத்துக்கொண்டான்.

பொய் சொல்வது அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. கை வீங்கினது விழுந்தல்ல, அடித்து. போன கிழமை மல்வேர்னில் ஒரு பிளாசாவின் பின்பக்கம், முன்பின் தெரியாத ஒருத்தனிடம் பைக்கைப் பறித்தான். அவன் பைக்கை விட்டாலும் அதை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பை விடமாட்டேன் என்று பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மிதுனன் முதலில் முகத்தில் குத்தினான், மூக்கால் இரத்தம் கொட்டும் வரைக்கும். பிறகு இரும்புக் கம்பியை எடுத்து விரல்களில் போட்டான். காய்ந்த தடி முறிகிற சத்தம் மூன்று தரம் கேட்டது. அப்பவும் அந்த விசரன் விடவில்லை. தலையில் ஒன்று விழுந்த பிறகுதான் கை தளர்ந்தது.

அடிவாங்கினவன் இன்னும் கண் முழிக்கவில்லையாம், பொலிஸ் பைக்கைத் தேடித் திரியுதாம் என்று கதை. மொன்றியலில் அதை வாங்க ஆள் இருக்கிறது, இன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். பைக்கோடு பிடிபட்டால் களவோடு போகாது, கொலைக்கும் சேர்த்து உள்ளே போக வேண்டி வரலாம். வெள்ளைக்காரனிடம் ட்ரெயிலர் வாங்கப் போனால் ஆயிரம் கேள்வி கேட்பான். எங்கட ஆக்களிடம் ‘அன்ரி’ என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்பது மிதுனனின் எண்ணம்.

“பைக்கின்ர நீள அகலம் தெரியுமோ?”

அளவு குறித்து வைத்திருந்த ஃபோனை மிதுனன் பொக்கற்றிலிருந்து இழுத்தான். கூடவே பைக் திறப்பும் வந்து மேசையில் விழுந்தது. திறப்பில் ஒரு சின்னத் தொங்கட்டான், நூலில் பின்னிய தேசிக்காயும் அதற்குக் கீழே நாலைந்து மிளகாயும்.

சந்திரவதனா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கண்ணூறுக்கோ?”

“ஓம் அன்ரி. அம்மா பின்னித் தந்தவ.”

“நல்லது. இந்தக் குளிருக்கு உண்மைத் தேசிக்காய் கட்டினால் கல்லாப் போயிடும்.” திறப்பைத் திரும்ப வைத்துவிட்டு, மேசையில் கிடந்த பச்சை நூலையும் ஊசியையும் ஓரமாக ஒதுக்கினாள். “பைக் இப்ப எங்க நிக்குது?”

“வோபர்னில. கிளிபோட் எண்டு ஒரு சினேகிதன், அவன்ர கராஜில.”

ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு அவனை வெளியே கூட்டிப்போனாள். முதலில் பெட்டிபோல நாலு பக்கமும் மூடின ஒரு வெள்ளை ட்ரெயிலரைக் காட்டினாள். “இதுக்குப் பக்கத்திலயும் கதவிருக்கு. ஆராவது உள்ளுக்க மாட்டுப்பட்டாலும் திறந்துகொண்டு வரலாம்.”

“பக்கக் கதவெண்டால் கள்ளர் லேசா உடைச்சுப்போடுவாங்கள் அன்ரி,” என்றது கள்ளன்.

அவள் அடுத்த வரிசையில் நின்ற கறுப்பு ட்ரெயிலருக்குப் போனாள். “அப்ப இதுதான் சரி. பின் கதவு மட்டும். கீழ இறக்கினால் பைக் ஏத்திற பலகையும் அதுதான். ஸ்பிரிங் இருக்கு, நானே ஒரு கையால தூக்கி மூடுவன். ஆனா வெளியில கொண்டியைப் போட்டால் உள்ளுக்க இருந்து திறக்க ஏலாது. யோசிச்சுச் சொல்லும்.”

“யோசிக்க என்ன கிடக்கு? பைக் இறங்கி ஓடப்போகுதே. இதுதான் எனக்கு வேணும்.”

“அப்ப ஏறிப் பாரும். அந்தத் தொங்கல்ல, உள் முனையில, நிலத்தில வளையம் இருக்கு. பைக்கை இழுத்துக் கட்டிறது அதிலதான். முழுப் பலத்தையும் போட்டு இழுத்துப் பாரும்.”

பலத்தைப் பற்றிச் சொன்னால் மிதுனனுக்குப் புளுகம், நெஞ்சு நிமிரும். உள்ளே போய்க் குனிந்து இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. நல்ல சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கவே வெளிச்சம் குறைந்தது. திரும்பினான். பின் கதவு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பாய்ந்து போய் இடைவெளிக்குள் கையை விட்டான். விரல்களை அவள் கண்டாள். கண்டும் தோளைக் கொடுத்து, உடம்புப் பாரம் முழுவதையும் கதவில் சாய்த்தாள். காய்ந்த தடி முறிகிற அதே சத்தம். அவன் அலறிக்கொண்டு கையைப் பிய்த்து எடுத்தான். மூன்று விரல்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தொங்கின. வெளியில் கொண்டி விழுந்தது.

கதவை உதைத்தான், தோளால் இடித்தான், தூசணத்தால் ஏசினான். முழங்கையெல்லாம் இரத்தம் வழிந்தது. கதவு அசையவில்லை. அவனுக்கு மூச்சு முட்டிய நேரத்தில், வெளியே அவள் ஃபோனில் பொலிஸுக்கு ஆங்கிலத்தில் ஆறுதலாக, அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. வோபர்ன் என்றாள், கராஜ் என்றாள், கிளிபோட் என்ற பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

“உங்களுக்கென்ன விசரே?” என்று அழுதுகொண்டே கத்தினான். “நான் உங்களுக்கு என்ன செய்தனான்?”

அவள் கதவுக்குக் கிட்ட வந்தாள்.

“அந்தத் தேசிக்காய் நான் என்ர மகனுக்குப் பின்னினது, தம்பி.”