ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு மதில்

"கையை நல்லா நீட்டுங்கம்மா, எம்புட்டு தூரம் வருதுன்னு பாப்போம்" என்றான் எட்வின்.

காரின் இடது சீட்டில் உட்கார்ந்திருந்த மாரிக்கனி கையை நீட்டினாள். விரல்கள் ஹேண்ட் பிரேக்கின் நுனியைத் தொட்டன.

"பாத்தியா தம்பி, இதுக்குத்தான் பெட்டி கேக்கேன்" என்றார் வெளியே நின்ற அவள் கணவர் வேல்பாண்டி. "இடது சீட்டுக் கை அங்க எட்டவே கூடாது."

எட்வின் ராஜபாளையத்தில் பட்டறை வைத்து, ஃபைபரும் மரமும் சேர்த்துக் கார்களுக்கு உள்வேலை செய்கிறவன். சீட்டுகளுக்கு நடுவே பெட்டி கேட்டு வருகிறவர்கள் போன் வைக்க இடம் கேட்பார்கள், தண்ணீர் பாட்டிலுக்குக் குழி கேட்பார்கள். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே மதில் கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான்.

வேல்பாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றிருந்தார். மீசை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"போன வாரம் மடவார் வளாகம் பக்கம் திரும்புறோம். எதிர்த்தாப்புல ஒரு பஸ்ஸு, அது பாட்டுக்கு அது வழியில வருது. அதுக்குப் பயந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தாச்சு. பின்னாடி வந்த லாரி ஒரு சாண்ல நின்னுச்சு. இன்னொருக்கா இழுத்தா ரெண்டு பேருக்கும் சேத்து மாலைதான்."

எட்வின் இடது சீட்டைப் பரிதாபமாகப் பார்த்தான். மாரிக்கனி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"வெள்ளிக்கிழமை தேவதானத்துல பேத்திக்குக் காதுகுத்து" என்றார் வேல்பாண்டி. "அதுக்குள்ள பெட்டி வரலைன்னா இடது சீட்டு ஆளு பஸ்லதான் வரணும். அப்படித்தான் முடிவாயிருக்கு."

"கொஞ்சம் கறாராத்தான் பேசிட்டீங்க போல சார்."

"வீட்டுல ஆர்டர்னா ஆர்டர்தான் தம்பி."

எட்வினுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பொம்பளைங்க பயமே தனி சார். எம் பொண்டாட்டி மாரிசெல்வி பைக்குல உக்காந்தா, லாரியைக் கண்டதுமே என் இடுப்பைப் பிடிச்சுக் கிள்ளிருவா. ஓட்டுற ஆளை நம்பி உக்காரணும்ல?"

"நல்லாச் சொன்னீங்க தம்பி" என்றாள் மாரிக்கனி. "ஓட்டுற ஆளை நம்பி உக்காரணும்."

"சார் லடாக் பக்கமெல்லாம் போயிருப்பீங்களே?"

"போகாம? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம், நடுவுல பனி. அதுல லாரி போகும் பாரு." வேல்பாண்டி செத்த நேரம் பனியிலேயே நின்றார். எட்வின் வாயைப் பிளந்து கேட்டான். இப்படிப்பட்ட மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பிரேக்கை இழுக்க ஒரு ஆளுக்கு எப்படி மனசு வருகிறது என்று அவனுக்குக் கோபமாகக்கூட இருந்தது.

பெட்டியின் மூடியில் முழங்கை ஊன்ற இடம் வேண்டும். அதற்கு அளவெடுக்க அவரை ஸ்டீயரிங் முன்னால் உட்காரச் சொன்னான். உயரமான மனிதர், முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் போய் முட்டின.

"சர்வீஸ்ல விட்டோம்லா, எவனாவது சீட்டை முன்னாடி தள்ளி வச்சிருப்பான்" என்று சொல்லிக்கொண்டே சீட்டுக்கு அடியில் துழாவினார். லீவரை எட்வின்தான் கண்டுபிடித்துப் பின்னால் நகர்த்தினான்.

புறப்படும்போது மாரிக்கனி மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கினாள். "அளவெடுத்ததுக்கு மேல நாலு இஞ்சு ஏத்தியே வைங்க தம்பி. பயந்த கை எம்புட்டுன்னாலும் நீளும்."

தன் கையைத் தானே நம்பவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

கார் மூன்று நாள் பட்டறையில் நின்றது. தரையில் பாலிதீன் விரித்து, பிளைவுட்டில் சட்டம் அடித்து, துணியை இழுத்துக் கட்டி ரெசின் பசை தடவினான். அதன்மேல் ஃபைபர் ஷீட்டுகளை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் தேய்த்தான். ஃபைபர் தூசி பட்டுக் கையெல்லாம் அரித்தது. கடைசியாக மேலே தேக்குப் பலகை ஏறியது.

ஹேண்ட் பிரேக் ஒரு குழிக்குள் இறங்கியிருந்தது. குழிக்கு வலது பக்கம் மட்டும்தான் வாசல். இடது பக்கம் காம்பவுண்டுச் சுவர் மாதிரி எழும்பி நின்றது.

வியாழக்கிழமை காலையில் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வேல்பாண்டி தேக்கைத் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பெட்டியின் உயரத்தைப் பார்த்தபோது முகம் கொஞ்சம் வாடியது.

"இம்புட்டு உசரம் வேணுமா தம்பி?"

"அம்மாதான் சார் ஏத்தச் சொன்னாங்க. தன் குறை தனக்கே தெரியுதுல்ல, அதுவே பெரிய விஷயம்" என்று சிரித்த எட்வின், இடது கதவை அகலத் திறந்து வைத்தான். "ஏறுங்கம்மா. அன்னைக்கு மாதிரி கையை நீட்டிப் பாருங்க. விரல் பட்டுச்சுன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுருதேன்."

மாரிக்கனி அசையவில்லை. எட்வின் சாவியை வேல்பாண்டியிடம் நீட்டினான். அவர் அதை வாங்காமல், எதிரே இருந்த டீக்கடைப் போர்டை எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தார்.

எட்வின் நீட்டிய கையிலிருந்து சாவியை மாரிக்கனி எடுத்துக்கொண்டாள்.

"அவியளை ஏறி நீட்டிப் பாக்கச் சொல்லுங்க தம்பி, ஓட்டுறது நான்ல."