பாக்கெட்டுக்குள் கை

"மச்சான், ரெண்டு கையையும் பாக்கெட்லயே வெச்சிக்கோ. இன்னா காட்டினாலும் வெளிய எடுக்காத" என்றான் யூஜின்.

ஜெர்வின் தலையாட்டினான். கண்ணாடி அறைக்குள் மேனேஜர் சிவராமனும் எச்.ஆர். ஷோபனாவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்த மூன்றாவது மாடி முழுக்க, வேலை பார்ப்பதுபோல் அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்டா இன்னாடா சொல்றது?"

"ஒண்ணியும் சொல்லாத. நீ வாயத் தொறந்தாதான் சந்தேகம் வரும். நானும்தான் ரெண்டாவது எடத்துல கீறேன். ஒரு புதிரையாவது படிச்சிருப்பேனா? என்னை எவனாவது கூப்ட்டானா?"

"உன்னால முடியுது. என்னால முடியல மச்சான்."

ஒரு மாதமாக ஆபீஸில் புதிர்ப் போட்டி. தினமும் மாலையில் ஒரு புதிர் வரும். அதைத் தீர்க்கும் நிரலை மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டும். முதலில் வருபவருக்குப் புதிதாகத் தொடங்கும் ஏஐ குழுவில் இடம்.

எல்லோருடைய லேப்டாப்பிலும் ஓர் ஏஐ ஏஜெண்ட் இருந்தது. புதிரைக் காட்டினால் போதும். தானே படித்து, தானே நிரல் எழுதி, தவறு வந்தால் தானே திருத்தி, அனுப்பியும் விடும். ஆள் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

ஜெர்வின் இதுவரை ஒரு புதிரைக்கூடத் தவறவிடவில்லை. அவன் போட்டியின் விதியை மீறுகிறான் என்று பெயர் போடாமல் யாரோ மெயில் அனுப்பியிருந்தார்கள்.

புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் குழுவை விட்டால் வேறு வழியில்லை. அப்பா கிறிஸ்துதாஸ் இந்த மாதம் ஃபேக்டரியிலிருந்து ரிடையர் ஆகிறார். ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சேக்காட்டில் குடிபோகப் போகும் வாடகை வீடு, இவன் சம்பளத்தை நம்பித்தான்.

"வாங்க ஜெர்வின், உக்காருங்க" என்றார் ஷோபனா.

ஜெர்வின் கையை வெளியே எடுக்காமல், காலாலேயே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். சிவராமன் அந்தப் பாக்கெட்டுகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"போன வாரம் மழையில ஆவடியில ரெண்டு நாள் கரண்டே இல்லையாமே? நாங்க பருத்திப்பட்டு. எங்களுக்கும் அதே கதிதான். போன் டவர்கூட அவுட்டு" என்றார் ஷோபனா.

"ஆமா மேடம். எங்களுக்கும் நெட்டே இல்ல."

"அந்த ரெண்டு நாள்கூட நீங்க புதிரை விடல. பெரிய விஷயம்தான்."

"காலைல ஆபீஸ் வந்ததும் அனுப்பிட்டேன் மேடம்."

சிவராமன் தொண்டையைச் செருமினார். "நேரா கேக்கறேன். புகார் நிஜம்னா அந்த டீமும் கிடையாது, பெஞ்சும் கிடையாது, தெரியும்ல? அந்தப் புதிரெல்லாம் நீ போட்டியா, ஏஜெண்ட் போட்டுச்சா?"

ஜெர்வின் மேசையைப் பார்த்தான். வீட்டிலும் இப்படித்தான். அம்மா மூன்று தடவை கேட்ட பிறகுதான், சாதம் வேண்டுமா வேண்டாமா என்பதே தெரியவரும்.

"சரி, விடு." சிவராமன் தன் லேப்டாப்பை மூடி ஓரமாகத் தள்ளினார். ஒரு தாளையும் பென்சிலையும் ஜெர்வினின் முன்னால் வைத்தார். "இது புதுசு. இன்னும் ஒருத்தருக்கும் விடை வரல. உன்னைப் போடச் சொல்லல. சும்மா படிச்சுப் பாரு."

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு ஒரு ஷேர் ஆட்டோ. வழி நெடுக நிறுத்தங்கள். யார் எங்கே ஏறுவார்கள், எங்கே இறங்குவார்கள் என்பது தெரியும். யாரை ஏற்றி யாரை விட்டால் வண்டியில் சீட்டு காலியாகக் கிடக்காது?

ஜெர்வின் படித்தான். இன்னொரு முறை படித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். வெளியே யூஜின் கண்ணாடியருகே வந்து நின்று, தன் பாக்கெட்டைத் தட்டித் தட்டிக் காட்டினான். உள்ளே யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

முதல் நிறுத்தத்திலிருந்து யோசித்தால் வழிகள் பெருகிக்கொண்டே போயின. கடைசி நிறுத்தத்திலிருந்து பின்னோக்கி வந்தால்?

பென்சில் தாளில் ஓடத் தொடங்கியது. கட்டம் போட்டான், எண்களை நிரப்பினான், ஒன்றை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினான். பெஞ்சுக்கு வந்த மூன்று மாதமாக அந்த முகத்தில் யாரும் பார்க்காத ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. ஷோபனாவின் டீ ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது.

"முடிஞ்சுது சார்!" என்று தாளை நீட்டினான். குரல் கண்ணாடிக்கு வெளியேயும் கேட்டது. "ரொம்ப சிம்பிள் சார். பின்னாலேர்ந்து வரணும், அவ்ளோதான்."

சிவராமன் தாளை வாங்கி வரிவரியாகப் பார்த்தார். விடை சரி. ஷோபனா தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே யூஜின் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் ஜெர்வின் தன் வலது கையைப் பார்த்தான். அதில் பென்சில் இருந்தது.

சிவராமன் அதை மெல்ல உருவி எடுத்து, சாட்சிப் பொருளைப் போல உயர்த்திக் காட்டினார்.

"பாத்தீங்களா மேடம், விதிப்படி ஏஜெண்ட் போட வேண்டியதையெல்லாம் இவனே யோசிச்சுப் போட்டிருக்கான்!"