யாரும் கேட்காத நீர்மட்டம்

அணையோரத்து அறையின் கணினியில் ஒரு அடாப்டர் இருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சின்ன நிரல். அணைத் தண்ணீரில் மிதந்து அளவெடுக்கும் மிதவை சொல்லும் நீர்மட்டத்தை நகரத்திலிருந்த சர்வருக்கு உடனுக்குடன் அனுப்புவது அதன் வேலை. சர்வர் அதை மக்களின் செல்போனில் காட்டும். யாராவது கேட்டால் மட்டும்.

ஒரு மழைநாள் காலையில் மிதவை அலறியது. "அடாப்டர் அண்ணே, தண்ணி ஏறுது! சொல்லுங்க!"

அடாப்டர் அனுப்பியது. சர்வர் அதன்மேல் எரிந்து விழுந்தது.

"எல்லாரும் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கிட்டிருக்காங்க. நீர்மட்டத்தை ஒருத்தர்கூடக் கேட்கலை. கேட்காததை அனுப்பினா குப்பையிலதான் போடுவேன். உயிரோட இருக்கேன்னு மட்டும் அப்பப்பச் சொல்லு, அது போதும்."

அடாப்டர் மறுபடியும் அனுப்பியது. சர்வர் சொன்னபடியே குப்பையில் போட்டது.

மதியம் கரை உடைந்தது. நாற்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் நீர்மட்டம் கேட்டார்கள்.

"சீக்கிரம் அனுப்புய்யா!" என்று கத்தியது சர்வர்.

"எதைங்க அனுப்புறது? மிதவையை வெள்ளம் கொண்டுபோயிடுச்சு. நான் மட்டும்தான் உயிரோட இருக்கேன்."

சர்வருக்கு அது போதும். நாற்பதாயிரம் செல்போன்களிலும் பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் எழுதியிருந்தது: 'நேரலை. இணைப்பு சீராக உள்ளது.'