தெளிவான படம்

“படம் கொஞ்சங்கூட மங்கக்கூடாது தம்பி. அவுக முகம் அப்படியே தெரியணும்.”

சந்தனம்மாள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கை மேசையில் வைத்தாள். வீட்டுக் கேமராப் பெட்டியிலிருந்து கழற்றியது.

அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்ததுமே ஸ்டுடியோ தங்கப்பாண்டிக்கு விஷயம் விளங்கிவிட்டது. செத்தவர்கள் படத்துக்கு ரோஜாப் பூ உதிரவிட்டு, சோகப் பாட்டுப் போட்டுக் கொடுப்பதில் கம்பம் ஊரில் அவனை மிஞ்ச ஆளில்லை.

“கருமாதிக்கா ஆத்தா? மூணு பாட்டோட அருமையா பண்ணிரலாம்.”

“பாட்டும் வேணாம், பூவும் வேணாம். அவுக போன அன்னைக்கி பதிஞ்சத அப்படியே டிவிடி டிஸ்க்குல ஏத்திக் குடு. மகன் மஸ்கட்ல இருந்து வர்றான். அவன் கையில குடுக்கணும்.”

“கேமரா போட்டுக் குடுத்ததும் மகன்தானா?”

“ஆமா. ‘நீ திராட்சைத் தோட்டத்துக்குப் போம்மா, அப்பாவ நான் செல்லுல பாத்துக்கிறேன்’னான்.”

தங்கப்பாண்டி நெகிழ்ந்துபோனான். இந்தக் காலத்தில் இப்படியொரு பிள்ளையா!

அவள் சொன்ன தேதியைத் தேடி வேகமாக ஓடவிட்டான். சத்தம் பதியாத கேமரா. அவள் புருஷன் வீரணன் கட்டிலுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தார். இந்த வெயிலுக்கு எல்லாரும் செய்வதுதான். அவ்வப்போது கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வாய் அசைந்தது.

“மகன்கிட்டப் பேசுறாக போல. டாட்டாவெல்லாம் காட்டுறாகளே!”

சந்தனம்மாள் திரைப் பக்கம் திரும்பவே இல்லை.

“ரொம்ப நீளமா இருக்கு ஆத்தா. சும்மா படுத்திருக்குறத வெட்டிட்டு, சுருக்கி ஒரே டிஸ்க்குல போட்ரவா?”

“சுருக்குனா?”

“படம் கொஞ்சம் மங்கும்.”

“அப்ப வேணாம். எதையும் வெட்டாத.”

“அப்படியே எழுதுனா நாலஞ்சு டிஸ்க் ஆகுமே. பென்டிரைவ்ல வாங்கிக்கங்க, சுளுவா இருக்கும்.”

“அதுல இருந்து அழிச்சுப்புடலாம்ல?”

“அழிக்கலாம்.”

“டிஸ்க்குல?”

“எழுதுனா எழுதுனதுதான். அழிக்க முடியாது.”

“அப்ப அதுலயே குடு.”

கடைசி டிஸ்க்கைச் சரிபார்க்க முழுத் திரையில் ஓடவிட்டான். முகம் பளிச்சென்று இருந்தது. கண்ணோரம் வழிந்த நீர்கூடத் தெரிந்தது. உயர்ந்த கை பாதியில் விழுந்தது. பிறகு அது எழவேயில்லை.

தங்கப்பாண்டி ஓட்டத்தை நிறுத்தினான். தான் சொன்ன டாட்டாவை நினைத்து அவனுக்கே நாக்கு கசந்தது.

“ஆத்தா... இதை எதுக்கு மகன்கிட்ட...”

சந்தனம்மாள் டிஸ்க்குகளை அந்தத் துண்டிலேயே சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“‘செல்லுல பாத்தேன்மா, தெளிவாத் தெரியல, அப்பா தூங்குறாகன்னு நெனச்சேன்’ங்குறான் தம்பி.”