கழற்றிய நம்பர் பிளேட்டுகள்

“மணி ஏழு இருபதுதான் ஆகுது எமில். போக்குவரத்து ஆபீஸ் எட்டு மணிக்குத்தானே திறப்பாங்க?”

“முதல் ஆளா நிக்கணும்.”

எமில் புர்கி காரின் பின்னால் மண்டியிட்டு நம்பர் பிளேட்டின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார். முன் பிளேட் ஏற்கெனவே புல்லின் மேல் கிடந்தது. எழுபத்து மூன்று வயது. அதில் முப்பத்தெட்டு வருடம் மலைப்பாதையில் தபால் பஸ் ஓட்டியவர்.

“ரெண்டையும் அவங்க அலமாரியில வச்சுட்டா, அன்னையிலேருந்து இன்சூரன்ஸ் கட்ட வேண்டாம். சும்மா நிக்கிற காருக்கு எதுக்கு அழணும்? சைக்கிள் இருக்கு. காலும் இருக்கு.”

“மழை வந்தா?” என்றார் அவர் மனைவி ட்ரூடி.

“நனைவோம். நாம என்ன சர்க்கரையா, கரையறதுக்கு?”

“பொண்ணு வீட்டுக்கு?”

“ரயில்.”

“உருளைக்கிழங்கு மூட்டை?”

“ரெண்டு பேருக்கு எதுக்கு மூட்டை? ரெண்டு ரெண்டு கிலோவா வாங்கு.”

“வயசான காலத்துல என்னை மிதிக்க வைக்கிறே.”

“வைக்கிறேன். உனக்கும் தொடை இறுகும்.”

ட்ரூடி சலிப்போடு வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்திய பிறகுதான் சிரித்தார்.

ஐந்து வாரத்துக்கு முன், ரொட்டிக் கடைக்கு எதிரே, நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் மஞ்சள் கோடுகளின் மேல், ஒரு இளம் தாய் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். பாதி சாலையைக் கடந்துவிட்டாள். காரை ஓட்டிய எமில் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த ட்ரூடி கத்தாமல் கதவுப் பிடியை இறுகப் பிடித்தார். கார் நின்றபோது இடையில் ஒரு முழம் இருந்தது.

“திடீர்னு இறங்கிட்டா” என்றார் எமில்.

மறுநாள் சாப்பிடும்போது ட்ரூடி, கண் டாக்டரை ஒரு தடவை பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். எமில் கத்தியைக் கீழே வைத்தார். “முப்பத்தெட்டு வருஷம். ஒரு கீறல் கிடையாது.” அதோடு சாப்பாடு முடிந்தது.

கார் ஓட்டுபவர்களுக்கு எழுபத்தைந்தில்தான் கட்டாய மருத்துவப் பரிசோதனை. இன்னும் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தை நினைத்து ட்ரூடி தூங்காமல் கிடந்தார். நல்லவேளை, அதற்குப் பிறகு கார் நகரவில்லை. ஒரு வாரம் எமிலுக்கு முதுகுவலி. ஒரு வாரம் பேட்டரி சரியில்லை. அப்புறம் வெயில் நன்றாக இருக்கிறது, நடக்கலாம் என்றார்.

போன வாரம் இன்சூரன்ஸ் பில் வந்தது. எமில் அதைப் படித்துவிட்டு மேசையைத் தட்டினார். “போதும். இனிமே சைக்கிள்.”

ட்ரூடி மகளுக்கு ரகசியமாக போன் செய்தார்.

“அம்மா, உடனே சரின்னு சொல்லித் தொலைக்காதே” என்றாள் பார்பரா. “நீ சரின்னா அப்பா மனசை மாத்திக்குவார். விடாம சண்டை போடு.”

ஒரு வாரமாக ட்ரூடி விடாமல் சண்டை போட்டார்.

இப்போது ஏரிக்கரைப் பாதையில் எமில் முன்னால் மிதித்தார். பிளேட்டுகள் அவர் பையில் கடகடத்தன. பாலத்தருகே ட்ரூடி கொஞ்சம் அதிகமாகவே நடித்துவிட்டார்.

“முட்டி போச்சு எமில். வேணாம், திரும்பிடலாம்.”

எமில் பிரேக் பிடித்தார். காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

கெடுத்துவிட்டோம் என்று நினைத்தார் ட்ரூடி. வாத்து ஒன்று கரையேறி அவர்களைக் கடந்து போனது.

“இல்ல” என்றார் எமில். “இவ்வளவு தூரம் வந்தாச்சு. இறங்கித் தள்ளிக்கிட்டாவது வா.”

“கஞ்சப்பயலே.”

“ஆமா.”

அலுவலக வாசலில் ட்ரூடி இரண்டு சைக்கிள்களையும் பூட்ட நின்றார். எமில் உள்ளே போனார். ட்ரூடி வரும்போது எமில் முதல் ஆளாகக் கவுண்டரில் இருந்தார். அடுத்தவர் நிற்க வேண்டிய கோட்டின் மேல் ட்ரூடி நின்றுகொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் பிளேட்டுகளை வாங்கினாள். எண்ணைச் சரிபார்த்தாள். அலமாரியில் செருகினாள். ரசீதில் முத்திரை விழுந்த சத்தம் கேட்டது.

முடிந்தது. இனி அவர் நினைத்தாலும் காரை எடுக்க முடியாது. ஐந்து வாரமாக ட்ரூடியின் நெஞ்சில் நின்ற மூச்சு வெளியே வந்தது. வீட்டுக்குப் போனதும் பார்பராவிடம் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆப்பிள் கேக் செய்ய வேண்டும்.

எமில் ரசீதை மடித்து நகரப் போனார். அந்தப் பெண் முன்னால் சாய்ந்து, அவருக்குப் பின்னால் நிற்பவர் யாரென்று தெரியாமல், பரிவோடு கேட்டாள்:

“புர்கி ஐயா, போன மாசம் லைசென்ஸை நீங்களாவே கொண்டுவந்து திருப்பிக் குடுத்தப்போ, ‘வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேண்டாம்மா, என் பக்கத்துல பயமில்லாம உக்கார்ற ஒரே ஆள் அவதான்’னு சொன்னீங்களே. இப்பவாவது அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”