ஒரு மதிப்பெண் குறைவு

முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. அவள் எடுத்திருந்தது முப்பத்து நான்கு. அந்த ஒரு மதிப்பெண்ணை எங்கேயாவது போட்டுத் தொலைக்கலாமா என்று இயற்பியல் டீச்சர் விடைத்தாளை மூன்று முறை புரட்டிவிட்டார். ஒன்றும் தேறவில்லை.

எதிரே, ஆய்வகத்து உயரமான ஸ்டூல்களில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து வயது மகள் மேசை ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றிருந்தாள்.

அந்தப் பள்ளியில் ஒரு கறாரான விதி உண்டு. எந்தப் பாடத்தில் தவறினாலும் தாய் தகப்பன் இருவருமே வந்து, அந்தப் பாடத்து ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து, விடைத்தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் செல்லாது. செவ்வாய் உயிரியல், புதன் வேதியியல், இன்று இயற்பியல் என்று வரிசையாக மூன்று நாள் வந்தாயிற்று. இந்த ஒரு பிள்ளைக்காக அப்பா விலாசத்துக்கு மூன்று, அம்மா விலாசத்துக்கு மூன்று என்று ஆறு கடிதம் எழுதிக் கை ஒடிந்ததுதான் மிச்சம் என்று அலுவலகக் குமாஸ்தா பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார்.

இந்தப் பாடு யாருக்கு வேண்டும்? அவள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பொது அறிவியல்தான் படிக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே புத்தகம், ஒரே டீச்சர், ஒரே பரீட்சை. டாக்டர், இன்ஜினியர் என்று கனவு காணும் ஒன்பது பேர்தான் மூன்றையும் தனித்தனிப் பாடமாக எடுத்திருந்தார்கள். அந்த ஒன்பதில் இவளும் ஒருத்தி.

மற்ற எட்டுப் பேரும் இவளோடு ஒட்டவில்லை. சின்ன வகுப்பிலிருந்து கூடவே திரிந்த தோழிகள் இருவரும் பொது அறிவியலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சாப்பிடும் நேரத்தில் இவளுக்கு வேதியியல். இவள் டப்பாவைத் திறக்கும்போது மைதானம் காலியாக இருக்கும். கை கழுவும் தொட்டி ஓரமாகத் தனியாக உட்கார்ந்து அவள் சாப்பிடுவதை டீச்சர் தினமும் ஜன்னல் வழியே பார்க்கிறார்.

உதவித் தலைமையாசிரியையும் அவர்தான் என்பதால், இன்று ஒரு முடிவோடு வந்திருந்தார். நாளையிலிருந்து இவள் பொது அறிவியலுக்கு மாறட்டும், படிவம் தயார், கையெழுத்துதான் பாக்கி என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். டாக்டர் ஆசையை ஏற்றிவிட்டது நீதானே என்று அடிக்குரலில் கேட்டார். நீங்கதான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார் அம்மா. கடைசியில், இருவருமே அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை உயிரியல் அறையில் அவர்கள் நடுவே ஒரு ஸ்டூல் காலியாகக் கிடந்தது. இன்று அதே மாதிரி நடுவே இருந்த ஸ்டூலில் அம்மாவின் கைப்பையும் அப்பாவின் ஹெல்மெட்டும் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. அப்பா மகளின் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப ஷூ எத்தனாம் நம்பர் போடறா?"

"அஞ்சு. விரல் இடிக்குதுங்கறா. ஆறு வாங்கணும்."

மகள் குனிந்தபடியே சிரித்தாள். இந்த வருஷத்தில் அவள் சிரித்து டீச்சர் பார்த்தது அதுதான் முதல் தடவை. படிவத்தை நகர்த்தியதும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"வேணாம் மிஸ். நான் இதுலயே இருக்கேன்."

"ஏம்மா, கூட உக்காந்து சாப்பிட ஒரு ஆள் இல்ல உனக்கு. உன் தோழிங்க எல்லாம் அங்க இருக்காங்க. இங்க ஒண்ணுலகூட பாஸ் ஆகல. அப்புறம் என்ன பிடிவாதம்?"

"பரவாயில்ல மிஸ். நான் தனியாவே சாப்பிட்டுக்கறேன்." அவள் கண் கலங்கிவிட்டது.

படிவத்தோடு மூன்று விடைத்தாள்களையும் இணைக்க வேண்டும். டீச்சர் மற்ற இரண்டையும் உறையிலிருந்து எடுத்து வைத்தார். மூன்று பாடத்துக்கு மூன்று அறை, மூன்று ஆசிரியர்கள். ஒருவர் கெட்டிலில் இன்னொருவர் தண்ணீர் சுட வைத்தால்கூட ஒரு வாரம் பேச்சு இருக்காது. அப்படிப்பட்டவர்கள் திருத்திய தாள்கள் ஒரே மேசையில் சேர்ந்தது இதுதான் முதல் தடவை.

உயிரியல், முப்பத்து நான்கு. வேதியியல், முப்பத்து நான்கு. இயற்பியல், முப்பத்து நான்கு.

டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். மூன்று தாளிலும் அவள் கடைசியாக எழுதிய விடை குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது; அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. மாணவர்களே அடித்த விடைக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் எந்த ஆசிரியரும் கோட்டுக்கு அடியில் இருப்பதைப் படித்ததில்லை. பயத்தில் அடித்தால் கிறுக்கலாக இருக்கும். இது ஸ்கேல் வைத்து, நிதானமாக இழுத்த கோடு.

முதல் தடவையாக அவர் கோட்டுக்கு அடியில் படித்தார். இதயத்தின் நான்கு அறைகள், சரி. வேதிச் சமன்பாடு, சரி. மின்னோட்டம் இரண்டு ஆம்பியர், அதுவும் சரி. ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் மதிப்பெண் அச்சாகியிருக்கிறது. கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு முப்பத்து நான்கில் நிறுத்திக்கொள்வது பெரிய காரியமில்லை.

டீச்சர் தாள்களைப் பெற்றோர் பக்கம் திருப்பி வைத்தார். அம்மாவின் கை வாய்க்குப் போனது.

"மூணுலயும் கடைசி விடையச் சரியா எழுதிட்டு நீயே அடிச்சிருக்க. ஏம்மா?"

அவள் அந்த நடு ஸ்டூலையே பார்த்தாள். கைப்பை ஹெல்மெட்டின் மேல் சாய்ந்திருந்தது.

"பொது அறிவியல்ல ஃபெயிலானா, இவங்க ரெண்டு பேரும் ஒரு நாள்தான் ஒண்ணா வந்து உக்காருவாங்க, மிஸ்."